ஜோலினைக் கேட்டு வந்த பிரைஸ்ட்டன்காரர்கள்

அக்டோபர் 7, செவ்வாய்

பக்கத்து ஊர் பிரைஸ்ட்டன் போலீஸுக்கு நாய் வந்திருக்கிறது. பேப்பரில் முதல் பக்கத்தில் படம். நாய்க்குக் குண்டு துளைக்காத சட்டை, நாய்க்கென்று தனி வண்டி, வண்டிக்குள் ஏசி. பக்கத்தில் அந்த ஊர் போலீஸ் சீஃப் கிரெக் ஓல்மன் பல்லெல்லாம் தெரிய நிற்கிறான். என் வண்டியில் டிரைவர் பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது.

வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

அவனிடம் இருபது பேருக்கு மேல். இந்த ஹெல்விக் கிராமத்துக்குச் சீஃப் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் எனக்கு முழுநேர ஆள் ஒருத்திதான், ஜோலின் விர்த். மற்றவர்கள் பகுதிநேரம். ஒருவன் பள்ளி பஸ் ஓட்டுகிறான், இரண்டு பேருக்குப் பால் பண்ணை. மாடு கன்று போட்டால் அன்றைக்கு எனக்கு ஆள் கிடையாது.

அக்டோபர் 9, வியாழன்

ஜோலின் கதவைத் தட்டிவிட்டு வந்தாள். அவள் ஒருநாளும் தட்டியதில்லை. அப்போதே புரிந்துவிட்டது.

"சீஃப், பிரைஸ்ட்டனுக்கு அப்ளை பண்ணியிருக்கேன். வேற யாராச்சும் வந்து சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னு..."

"நாய் மேல ஆசையா?"

"சம்பளத்து மேல, சீஃப். எனக்கும் ஒரு வீடு வாங்கணும்ல."

"நல்லது" என்றேன். நல்லதாம்! என்ன நல்லது? ஆறு வருஷமாக இந்த ஊரின் ஒவ்வொரு குடிகாரனும் அவள் குரலுக்கு அடங்குகிறான். நான் போனால் சண்டைக்கு வருபவன், அவள் போனால் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் படுக்கப் போகிறான். ஓல்மனுக்கு விளைந்ததுதான் வேண்டும். விதைக்க அவனுக்கு முதுகு வளையாது.

அக்டோபர் 20, திங்கள்

கிராம போர்டு கூட்டம். ஜோலினுக்குச் சம்பள உயர்வு கேட்டேன். தலைவர் லாயல் ஃபென்ஸ்கே தீவனக் கடைத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"டுவேன், வரிய இதுக்கு மேல ஏத்தச் சட்டம் விடாது. பனி தள்ளுற வண்டி வேற செத்துக் கெடக்கு. நீயே சொல்லு, ரோட்டுப் பனியத் தள்ளட்டுமா, ஜோலினுக்குக் குடுக்கட்டுமா?"

"ரோடு ஓடிப் போகாது லாயல். அவ போயிடுவா."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பனி வண்டிக்குக் கை தூக்கினார்கள்.

அக்டோபர் 21

ஒரு பனி வண்டி மேல் பொறாமைப்பட முடியும் என்று இன்று தெரிந்துகொண்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

வழக்கம்போல மீன் வறுவல் சாப்பிட மனைவி கேரலுடன் ஹோட்டலுக்குப் போயிருந்தேன். ஜன்னலோர மேசையில் ஓல்மனும் அவன் ஆட்கள் நாலு பேரும், நடுவில் ஜோலின். அவன் ஏதோ சொல்ல அவள் சிரிக்கிறாள். என் ஜோக்குக்கு அவள் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

"பொண்ணு கேட்டு வந்திருக்காங்க போல" என்றாள் கேரல். "மீனப் பாரு டுவேன், அங்க பாக்காத. முப்பது வருஷத்துல என்னைய யாராச்சும் பாத்தா நீ இப்படி மூஞ்சியத் தூக்கினது இல்ல."

பாதி மீனை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

பிரைஸ்ட்டனிலிருந்து ராண்டி பீட்ச் என்ற லெப்டினன்ட் வந்தான். ஆளை எடுப்பதற்கு முன் இப்போதைய சீஃபிடம் வந்து விசாரிப்பது முறை. நேரத்துக்கு வருவாளா? பொய் சொல்லுவாளா? கோபம் வருமா? எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னேன். ஒவ்வொரு நல்ல வார்த்தையும் அவளை ஓல்மன் பக்கம் ஓரடி தள்ளுகிறது என்று தெரிந்தேதான் சொன்னேன்.

கடைசிக் கேள்வி எப்போதும் ஒன்றுதான். எங்கள் தொழிலில் மற்ற பதிலையெல்லாம் புரட்டிவிட்டு இதைத்தான் படிப்பார்கள்.

"போயிட்டுத் திரும்பி வந்தா, மறுபடி வேலைக்கு எடுப்பீங்களா, சீஃப்?"

"முடியாது" என்றேன்.

அவன் பேனா நின்றது. என் முகத்தைப் பார்த்தான். ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. எழுதிக்கொண்டான். நானும் சும்மா இருந்தேன்.

நவம்பர் 19

பொய்யா சொன்னேன்? அவள் போனால் அந்த இடத்தையே போர்டு எடுத்துவிடும், அப்புறம் எப்படி எடுக்க முடியும்? முடியாது என்றால் முடியாதுதானே?

நேற்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன், அதுதான் அசிங்கமாக இருக்கிறது.

நவம்பர் 22, சனி

மான் வேட்டை இன்று ஆரம்பம். பகுதிநேரக்காரர்கள் மூன்று பேரும் ஆரஞ்சு சட்டையோடு காட்டுக்குப் போய்விட்டார்கள். இந்த ஊரில் கல்யாணத்தைக்கூட இந்த வாரத்தில் வைக்க மாட்டார்கள். இன்று முழுக்க நான் ஒருவனே என்றுதான் ஸ்டேஷனுக்குப் போனேன்.

ஜோலின் காபி போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்று லீவு. அவள் குடும்பமே காட்டில் முகாம் போட்டிருக்கிறது.

"அப்பா திட்டுறாரு. போகட்டும். நீங்க ஒண்டியா மாட்டிட்டு முழிப்பீங்கல்ல."

அவள் நீட்டிய காபியை வாங்கிக்கொண்டேன்.

மத்தியானம் வண்டியில் போகும்போது அவளே எடுத்தாள். "பிரைஸ்ட்டன்ல இருந்து ஒரு சத்தத்தையும் காணோம். என்ன குறை கண்டாங்களோ. உங்ககிட்ட வந்தாங்களா, சீஃப்?"

"வந்தாங்க."

"என்ன சொன்னீங்க?"

"நல்லாத்தான் சொன்னேன்."

"தெரியும். தேங்க்ஸ், சீஃப்."

செருப்பால் அடித்திருக்கலாம் அவள் என்னை.

நவம்பர் 24, திங்கள்

ஓல்மனுக்கு நானே போன் செய்தேன்.

"கடைசிக் கேள்விக்கு உன் ஆளு என்ன எழுதியிருக்கான்?"

"மறுபடி எடுக்க மாட்டாருன்னு. அதான் அவ ஃபைல மூடி வெச்சுட்டேன். என்னப்பா செஞ்சா அந்தப் பொண்ணு?"

"ஒண்ணும் செய்யல. நான் சொன்னது முடியாதுன்னு, மாட்டேன்னு இல்ல. இங்க காசு இல்ல."

"காசு இருந்தா?"

"இருந்தா அவ நிழலக்கூட உன் ஊருக்கு விட்டிருக்க மாட்டேன்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, டுவேன்" என்றான். சொல்லியிருக்கலாம். பொறாமை என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

டிசம்பர் 12, வெள்ளி

பிரைஸ்ட்டனில் வேலை கிடைத்து ஜோலின் பேட்ஜைக் கொடுத்துவிட்டுப் போனாள். கேரல் கேக் செய்திருந்தாள். நான் சாப்பிடவில்லை.

ஜனவரி 17, சனி

இரண்டு ஊர் எல்லையில் பால் லாரி ஒன்று பனியில் சறுக்கி ரோட்டுக்குக் குறுக்கே விழுந்துவிட்டது. டிரைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் பக்கம் நான் ஒருவன். அந்தப் பக்கம் ஓல்மன், நாலு வண்டி. ஜோலின் அவர்கள் சட்டையில் இருந்தாள். நன்றாகத்தான் இருந்தது, அது வேறு எரிச்சல்.

வளைவில் வண்டிகள் வேகமாக வந்துகொண்டிருந்தன. அவள் அங்கிருந்து கத்தினாள்.

"சீஃப்! ரோட்ட மூடிடட்டுமா?"

இரண்டு பேருமே திரும்பினோம். அவள் பார்த்தது ஓல்மனை. சந்தேகமே இல்லை, அவனைத்தான்.

"மூடு!" என்று கத்தியது நான்.

ஓல்மன் என்னைப் பார்த்தான். நான் லாரியைப் பார்த்தேன். ஜோலின் அதற்குள் மூடிவிட்டாள்.