மாடிப்படிக்குக் கீழே மாட்டிய பேட்டரி

அன்புள்ள என்று தொடங்க மனம் வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எழுத்து நம் மகளுடையது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். என் கைக்கட்டைப் பிரிக்க இன்னும் நாளாகுமாம்.

மாடிப்படிக்குக் கீழே நீங்கள் மாட்டிய இன்வெர்ட்டர் பேட்டரி உப்பியிருக்கிறது என்று போன வாரமே சொன்னேன். "ஊரு பூரா இதை விக்கிறவன் நான். எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று சிரித்தீர்கள். பெரிய மேதைதான். முந்தாநாள் மத்தியானம் அது வெடித்துப் படியில் நெருப்புப் பிடித்தபோது உங்கள் அம்மா மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு அந்தப் படி வழியேதான் இறங்கினேன்.

விற்பனைக் கண்காட்சியிலிருந்து போன் செய்தீர்களே, முதலில் கேட்டது நினைவிருக்கிறதா? "கம்பெனி பேர் தெரியிற மாதிரி யாராவது போட்டோ எடுத்தாங்களா?" அம்மா எப்படி என்று இரண்டாவதாகக்கூடக் கேட்கவில்லை. தீயணைப்பு அதிகாரியிடம் வயரிங் கோளாறு என்று சொல்லச் சொன்னீர்கள்.

பேட்டரிதான் என்று சொன்னேன். யார் விற்றது என்றும் சொன்னேன். பிறகு உங்களிடம் வாங்கிய வீடுகளுக்கெல்லாம் மகள் போன் போட்டுத் தந்தாள். "உடனே அணைச்சிட்டு, ஆளை வெச்சுக் கழட்டிடுங்க" என்று நானே சொன்னேன். தங்கள் வீட்டிலும் உப்பித்தான் இருக்கிறது என்றார்கள் பாதிப் பேர்.

அம்மா நன்றாக இருக்கிறார். உங்களைப் பற்றி இதுவரை விசாரிக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இருந்தவள்