பன்னிரண்டாம் நம்பர் மலையின் எதிரொலி

ஜூன் 3, செவ்வாய்

விடியற்காலையில் இருந்து மழை. தகரத்தின் மேல் இந்தச் சத்தம் இருக்கும்வரை மைக்கைத் திறக்க வழியில்லை. தேயிலை ஸ்டோரில் இரவு ஷிப்ட் முடிந்து வந்து, ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்று, தூங்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

செய்ய வேண்டியவை:
– பேஸ் கிட்டாருக்குத் தடித்த தந்தி. ஹட்டன் கடைக்காரர், "நே மல்லி, லபன சத்தியே என்ன." இல்லையாம், அடுத்த கிழமை வரட்டுமாம். எத்தனை அடுத்த கிழமை போய்விட்டது, படுபாவி.
– குரல் பதிவு. லயத்து வீடுகள் எல்லாம் காலியாக இருக்கும் நேரத்தில் மட்டும்.
– கூரை ஒழுக்கு. ஆம்ப் மேலேயே சொட்டுகிறது.
– தங்கச்சிக்குப் போன். (கொழும்பில் இருந்து அவள் எடுப்பாள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எடுக்கவில்லை.)

கொழுந்து வாட்டும் மாடியில் ஓடும் பெரிய காற்றாடிகளின் இரைச்சலைப் போனில் பதிந்து வந்தேன். எனக்கு வேண்டிய கீழ்ச்சுருதி அப்படியே அதில் இருக்கிறது. அதன் மேல் கிட்டார். ஒரு தட்டு, அது அடங்கும்வரை காத்திருப்பு, பிறகு அடுத்த தட்டு. ஃபியூனரல் டூம் என்றால் அவ்வளவுதான். மெட்டலிலேயே ஆக மெதுவானது, பாடை தூக்கிப் போகிறவர்களின் நடை. எனக்குத் தெரிந்ததை எனக்கே எதற்கு எழுதுகிறேன்? யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

"ஈர விறகு" என்ற பெயரில் இணையத்தில் போட்ட பழைய பாட்டுக்கு ஒரு குளிர்நாட்டுக்காரன் எழுதியிருந்தான். பிரமாதமாம். குழுவில் எத்தனை பேர் என்று கேட்டான். ஒருத்தன்தான் என்று பதில் போட்டேன். அதன் பிறகு பேச்சு மூச்சில்லை.

ஜூன் 5, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது. எல்லோரும் பெரட்டில் பேர் கொடுத்து மலைக்குப் போன பிறகு குரல் பதிவு. கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, அடிவயிற்றில் இருந்து உறுமல். பாதியில் இருமல் வந்து எல்லாம் வீண். மறுபடியும்.

இருமி முடித்ததும் பக்கத்துக் காம்பராவில் இருந்து மருதை அண்ணன் குரல்.

"தம்பி, சுக்குத் தண்ணி குடி. உறுமுற புலிக்கே தொண்டை கட்டிக்கிச்சா?"

வெட்கமாகப் போய்விட்டது. லயம் காலி என்று நான் நினைத்ததில் அண்ணனைச் சேர்க்கவே இல்லை. ஒரு பக்கம் கை கால் விழுந்து கிடப்பில் கிடக்கிறார். நடுச்சுவர் கூரைவரை போகாது, மேலே திறப்பு. இத்தனை நாளும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் மனுசன்.

"தொந்தரவா இருக்காண்ணே?"

"தொந்தரவா? நாள் பூரா இந்தத் தகரத்தைப் பாத்துக்கிட்டுக் கெடக்குறேன். நீ இருந்தா ஒரு ஆள் இருக்குற மாதிரி இருக்கு. ஆனா ஏன்டா இம்புட்டு மெதுவா? நீ அடுத்த அடி அடிக்கிறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்து முழிப்பும் வந்துருது."

சிரித்துவிட்டேன். என் பாட்டைப் பற்றி ஒரு ஆள், குரலால், நேரில் பேசுவது இதுதான் முதல் தடவை. நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பைத்தியம்.

பாட்டின் நடுவே தப்பு மேளம் வேண்டும். போன மாதம் மேல் டிவிஷன் சாவு வீட்டில் சின்னையா மாமா அடித்ததைப் போனில் வைத்திருக்கிறேன். அதை எதிர் மலையில் மோதவிட்டு, திரும்பி வரும் சத்தத்தைப் பதிந்து, பிறகு இழுத்து மெதுவாக்கினால்? கம்ப்யூட்டரில் போடும் எதிரொலி எல்லாம் குளியலறைச் சத்தம்.

தோட்டத் தலைவரிடம் கோயில் ஸ்பீக்கர் பெட்டியை இரவல் கேட்டேன்.

"சாமி பாட்டாங்க தம்பி?"

"அந்த மாதிரிதாங்க."

ஜூன் 6, வெள்ளி

மாட்டுப் பயல் நான். வேறென்ன எழுத.

காலை வெயில். பெட்டியை வாசல் இஸ்தோப்பில் வைத்து, பன்னிரண்டாம் நம்பர் மலையைப் பார்த்துத் திருப்பி, முழுச் சத்தத்தில் தப்பை விட்டேன். மலை அதை வாங்கித் திருப்பித் தந்தது. உடம்பெல்லாம் புல்லரித்தது. ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நம்பரில்தான் இன்று கொழுந்துப் பறிப்பு. அங்கே போன் எடுக்காது. லயத்தில் யாராவது செத்துப் போனால் சின்னையா மாமா வாசலில் நின்று தப்படிப்பார், மலையில் கேட்டவர்கள் போட்டதைப் போட்டபடி இறங்குவார்கள். பிறந்ததில் இருந்து பார்க்கிறேன். எனக்குத் தெரியாதா? தெரியும். எதிரொலி எப்படி வரும் என்ற ஒன்றைத் தவிர மண்டையில் வேறு எதுவும் இல்லை.

கண்ணைத் திறந்தபோது பாதை நிறைய சனம். முன்னால் மருதை அண்ணனின் பெண்சாதி, லெட்சுமி அண்ணி. கூடை இல்லை. இடுப்பில் கட்டிய படங்கு அவிழ்ந்து காலில் இழுபடுகிறது. தலையில் தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ, காலையில கஞ்சிகூட குடுக்காம போனேனே, பாவி மக" என்று என்னைத் தாண்டி உள்ளே ஓடினார்.

உள்ளே அழுகை திடீரென்று நின்றது. பிறகு அண்ணன்:

"என்னாடி, மலையில சிறுத்தை வந்துருச்சா?"

அண்ணி வெளியே வந்தார். பெட்டியைப் பார்த்தார். என் கன்னத்தில் ஒரு அறை.

"நீ செத்தாக்கூட இனி எறங்கி வரமாட்டேன்டா!"

அப்படியே இஸ்தோப்பில் உட்கார்ந்து அழுதார். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு மோட்டார் சைக்கிளில் வந்து, "யார் செத்தது?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இறங்கியவர்களுக்கெல்லாம் அரைப்பேர், பாதிச் சம்பளம். என்னால்.

ஜூன் 8, ஞாயிறு

தூறல். கோயில் முன்னால் கூட்டம். நடுவில் நான்.

தலைவர்: "சாமி பாட்டுன்னுதானே சொன்னீங்க?"

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

கூட்டத்தில் ஒருவர்: "வெள்ளைக்காரன் பேய்ப்பாட்டுங்க அது. எம் புள்ள போன்ல காட்டுனான்."

இன்னொருவர்: "அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு பொண்ணைப் பாத்துக் கட்டி வச்சா தானா அடங்கிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவமானத்துக்கு நடுவிலும் அந்தச் சிரிப்பு சுகமாக இருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன். கூட்டத்தோடு சேர்ந்து நானும் சிரித்தேனே.

முடிவு: ஸ்பீக்கர் பெட்டி திரும்பக் கோயிலுக்கு. இனி லயத்தில் என் சத்தம் கேட்கக்கூடாது. மன்னிப்புக் கேட்டேன். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்னையா மாமா மட்டும் வரும் வழியில், "என் அடியைத்தானா போட்ட? சொல்லியிருந்தா நல்லதா ஒண்ணு அடிச்சுக் குடுத்திருப்பேனே" என்றார்.

வீட்டுக்கு வந்து கிட்டாரை உறையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அதையும் இழந்தால் எனக்கு இங்கே என்ன இருக்கிறது? ஸ்டோர், தூக்கம், ரொட்டி.

ஜூன் 11, புதன்

மழை, காற்று. பருப்பு தீர்ந்துவிட்டது. மஸ்கெலியாவுக்குப் போகச் சோம்பல்.

அண்ணி மலைக்குப் போனதும் சுவருக்கு மேலால் குரல்.

"டேய், என்னா சத்தத்தையே காணோம்?"

"வேணாம்னு சொல்லிட்டாங்கல்லண்ணே."

"எனக்கு எவன் என்னா வேணும்னு கேட்டான்? இங்கிட்டு வா."

போனேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை இதுவரை. ஒரு சுவர்தான் நடுவே, ஆனால் போனதில்லை. பார்க்கப் பயம், அதுதான் உண்மை.

"அன்னைக்கு என் சாவு மேளம் எனக்கே கேட்டுச்சுடா. அடப்பாவிகளா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம முடிவு பண்ணிட்டானுங்களேன்னு நெனச்சேன்."

அவர் சிரித்தபோது வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

ஹெட்போனை அவர் காதில் மாட்டி, முடிந்தவரைக்கும் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று எடுக்கப் போனால், நல்ல கையால் என் கையைத் தட்டிவிட்டார். முழுவதும் கேட்டார்.

"அடியில ஓடுறது ஸ்டோரு காத்தாடிதானே? நானும் அங்க நின்னவன்தான். இதுல போய்ப் பாட்டு இருக்குன்னு எவனுக்குத் தெரியும்." பிறகு, "பாதியில நிக்கிதே. முடிச்சுட்டுக் கொண்டா. அரைகுறையா கேட்டா மனசுக்குச் சரியில்ல."

கிட்டாரை வெளியே எடுத்தேன். ஆம்ப் இல்லாமல், நேரே கம்ப்யூட்டரில் சொருகி. ஹெட்போனில் மட்டும். யாருக்கும் கேட்காது. குரலுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜூன் 14, சனி

குரலுக்கு வழி: உறுமாமல் கிசுகிசுப்பு. மைக்கை உதட்டோடு வைத்து. உறுமலை விடப் பயங்கரமாக இருக்கிறது! இந்தத் தடை இல்லாவிட்டால் இது தோன்றியிருக்காது, சனியன்.

கூரை ஒழுக்கு இடம் மாறிவிட்டது. இப்போது தலையணை மேல்.

குழாயடியில் அண்ணியைப் பார்த்தேன். பேசவில்லை. ஆனால் குடத்தை நிரப்பிக்கொண்டு போகும்போது, என்னைப் பார்க்காமல், "அவரு நேத்து ரெண்டு வாய் சேத்து சாப்புட்டாரு. உங்கிட்ட பேசினா சாப்புடுறாரு. வந்து போ" என்றார்.

வந்து போகலாம். என்னையும் வந்து போகச் சொல்ல ஒரு வீடு.

ஜூன் 17, செவ்வாய்

முடிந்தது. கடைசித் தட்டு அடங்கிய பிறகும் காற்றாடி மட்டும் கொஞ்சம் ஓடி நிற்கிறது. அண்ணனுக்காக அப்படி விட்டேன். குளிர்நாட்டுக்காரர்கள் பொறுக்கட்டும், முதலில் அவர்தான் கேட்க வேண்டும். நாளை ஷிப்ட் முடிந்து வந்ததும்.

சந்தோஷமாக இருக்கிறது. இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகவும்.

ஜூன் 18, புதன்

பனி. மழை இல்லை.

ஷிப்ட் முடிந்து காலையில் வந்தேன். அண்ணன் தூங்குகிறார் என்று நினைத்து எழுப்பவில்லை. நானும் படுத்தேன். தப்புச் சத்தத்தில் விழித்தேன். முதலில் என் பாட்டு எங்கோ ஓடுகிறது என்றுதான் நினைத்தேன். வெளியே வந்தால், அண்ணன் வீட்டு வாசலில் சின்னையா மாமா. கண்ணீர் ஓட ஓட அடித்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்குத் தேத்தண்ணி கொடுக்கப் போன மாமாதான் பார்த்திருக்கிறார். உடம்பு சில்லிட்டுவிட்டதாம்.

மாமா அடித்தார். கை மாற்றி மாற்றி அடித்தார். எதிரே பன்னிரண்டாம் நம்பர். இன்றும் அங்கேதான் கொழுந்து. எதிரொலி வந்தது. சனம் வரவில்லை.

"என்னா, ஒருத்தரும் எறங்கலே?" என்றார். சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். பிறகு அடிப்பதை நிறுத்தினார்.

நான் மலைக்கு ஓடினேன். குறுக்குப் பாதையில் இரண்டு தரம் விழுந்தேன். நிரையில் நின்றவர்கள் என்னைப் பார்த்ததும், "வந்துட்டாரு மேளக்காரரு! பெட்டியை நிப்பாட்டிட்டு வந்தியா?" என்று சிரித்தார்கள். கிட்டே போகப் போக ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

அண்ணி கடைசி நிரையில். கை கொழுந்தில். என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை, கோபமும் இல்லை.

"அண்ணி. வீட்டுக்கு வாங்க."

"இப்ப அடிச்சது?"

"சின்னையா மாமாங்க."

கையில் இருந்த கொழுந்தைக் கூடையில் போட்டார். கூடையைக் கழற்றப் பார்த்தார், வரவில்லை. நான் கழற்றினேன்.

"நீதான்னு நெனச்சேன் தம்பி," என்றார். "பறிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தேன். அவரு சொல்ற மாதிரி, நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சேன்."