டைல்ஸ் இடுக்கில் இருந்தது உன் அழுக்கு இல்லை

என் செல்ல அம்மாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் வாய் வருகிறது. இதை எழுதி மடித்து உன் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கலாம். மனசு வரவில்லை. உன்னை நாலு பேர் முன்னால்தான் குறை பேசினார்கள். நான் சொல்வதையும் நாலு பேர் படிக்கட்டும்.

நம் சமையலறைத் தரையில் டைல்ஸ் இடுக்கையெல்லாம் தோண்டி எடுத்துப் புதிதாகப் பூசியாகிவிட்டது. நீ போன பிறகு அது இன்னும் கறுத்து, எறும்பு மண்ணைத் தள்ள ஆரம்பித்திருந்தது. பார்க்கிற போதெல்லாம் உன் ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வந்தன. வாரம் முழுக்க பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் நின்றுவிட்டு, கிடைக்கிற ஒரே லீவு நாளில் முழங்காலில் உட்கார்ந்து, பழைய பிரஷ்ஷும் ஆசிட்டுமாக இடுக்கு இடுக்காகத் தேய்ப்பாய். விரல் தோல் உரிந்து வரும். அடுத்த வாரமே தரை பழையபடி கறுத்துவிடும்.

வெள்ளை பனியனில் கடுகளவு எண்ணெய்க் கறை இருந்தாலும் உன் கண்ணுக்குத் தப்பாது. கம்பெனியே உன் கண்ணை நம்பித்தான் சரக்கை அனுப்பியது. அப்படிப்பட்டவளைப் பார்த்து, அப்பாவின் அக்கா, உடுமலை அத்தை, வருகிற போதெல்லாம் என்ன சொல்வார்?

“இந்த ஊட்டுல கால வெக்கவே கூசுதுங்க. கம்பெனிக்குப் போற பொம்பளைக்கு ஊட்டு நெனப்பு எங்க இருக்கும்?”

அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பார். அவர் உனக்காக ஏதாவது சொல்லுவார் என்று அத்தையும் எதிர்பார்த்ததில்லை, நீயும் எதிர்பார்த்ததில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேலைக்குப் பொங்கலூரிலிருந்து ஒரு டைல்ஸ்காரர் வந்தார். மெஷினை வைத்து ஒரு இடுக்கைக் கீறியவர் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இதுல சிமெண்டே இல்லீங்க. மேலாப்புல தடவி உட்டிருக்காங்க. கீழ பூராவும் மண்ணுதானுங்க. தண்ணி எறங்க எறங்க அந்த மண்ணு மேல வருது. இதப் போயி தேச்சா எப்படீங்க போகும்? ஆசிட் ஊத்துனதுல, மேல இருந்த கொஞ்ச சிமெண்டும் கரைஞ்சு போச்சுங்க.”

அப்போதுதான் புரிந்தது அம்மா. நீ தேய்க்கத் தேய்க்கத்தான் அது கறுத்திருக்கிறது. திரும்பினால் நிலைப்படியில் அப்பா நிற்கிறார். முகத்தில் கொஞ்சம்கூட ஆச்சரியம் இல்லை.

“இந்த ஊடு கட்டி முடியறதுக்குள்ள கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை குடுத்தாச்சு. இடுக்குல இருக்கற மண்ண எடுத்துட்டுத்தான் பூசோணும், ரெண்டு நாளாகும்னு கொத்தனாரு சொன்னாரு. முகூர்த்தம் தப்பிரும்னு நாந்தான், மேலாப்புல தடவிட்டுப் போங்கன்னேன்” என்றார்.

“அப்ப உங்களுக்கு மொதல்லயிருந்தே தெரியுமாப்பா?”

“தெரியும் அம்மிணி. அத எதுக்கு எல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டு?”

எல்லாரிடமும் வேண்டாம். உன்னிடமாவது சொல்லியிருக்கலாமே. பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் படுத்திருப்பாயே. சொந்தபந்தத்துக்கு முன்னால் தன் அவசரம் தெரியக்கூடாது என்பதற்காக, தன் பெண்டாட்டி சுத்தமில்லாதவள் என்று பேர் வாங்கினால் பரவாயில்லை என்று இருந்திருக்கிறார். இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

புது இடுக்கை வெள்ளையாகப் பூசி முடித்ததும், ஈரத்துணியால் மேலே ஒட்டியிருப்பதைத் துடைக்கச் சொல்லிவிட்டு டைல்ஸ்காரர் போனார். நம் வீட்டில் துடைக்கிற துணி என்றால் என்ன? நீ கம்பெனியிலிருந்து கொண்டுவந்து வைத்த வெட்டுத்துணி மூட்டையில் கைவிட்டு, கையில் அகப்பட்ட பனியன் வேஸ்ட்டை எடுத்தேன். செக்கச் செவேலென்று இருந்தது. நனைத்துத் துடைத்தேன். சாயம் இறங்கி, அடுப்புப் பக்கம் இடுக்கெல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டது. கழுவிப் பார்த்தேன், போகவில்லை. நீ இருந்திருந்தால் வெள்ளைத் துணியாகப் பொறுக்கிக் கொடுத்திருப்பாய்.

நேற்று அத்தை வந்தார். தரையைப் பார்த்தார்.

“ஏங்கண்ணு, புதுசாப் பூசியும் இந்தக் கோலமா? அப்படியே உங்கம்மாளக் கொண்டிருக்கறே.”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். “அக்கா, அது அழுக்கு இல்லீங்க. வேஸ்ட் துணிச் சாயம் எறங்கிருச்சு. புள்ள மேல தப்பில்ல, சும்மா சொல்லாதீங்க.”

கேட்டாயா அம்மா? அவருக்கும் பேச வருகிறது. எனக்காக ஒரு நொடியில் வருகிறது. எனக்கு அதில் சந்தோஷம் இல்லை.

“இதே மாதிரி அம்மாவுக்காக ஒருநா சொல்லியிருக்கீங்களாப்பா?” என்று கேட்டேன். அத்தை ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் பார்த்தார். “அப்புறம் பேசிக்கலாம் அம்மிணி” என்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நீ செத்துப்போன பிறகும் உன் விஷயம் ‘அப்புறம்’தான்.

அந்த அப்புறத்துக்கு நான் நாள் குறித்துவிட்டேன். அடுத்த மாதம் உன் முதல் வருஷத் திதி. உடுமலையிலிருந்தும் மூலனூரிலிருந்தும் எல்லோரும் வருவார்கள். உன் படத்துக்கு முன்னால் நின்று, இடுக்கில் இருந்த மண்ணை எடுக்காமல் மேலே பூசச் சொன்னது நான்தான், அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று அப்பா தன் வாயால் சொல்ல வேண்டும். அதை அவரிடம் இன்று காலையிலேயே சொல்லிவிட்டேன். அவர் சொல்லாத வரைக்கும் அன்றைக்கு யாருக்கும் இலை போடமாட்டேன். சோறு ஆறிப்போனால் ஆறட்டும். இது உனக்கு நான் செய்து கொடுக்கிற சத்தியம்.

உனக்காகச் சண்டை போடத் தாமதமாக வந்த
உன் ஒரே மகள்,
கவிதா