ஊசிமுனை ஓட்டை

7-6-1991
திருப்பூரில் ஓட்டைகளின் பரம விரோதி யாரென்று கேட்டால் பிறந்த குழந்தையும் என் பெயரைச் சொல்லும். பக்கீர் முகமது, செக்கிங், இருபத்தாறு வருட சர்வீஸ். பின்னி வரும் துணியை விளக்குக்கு மேல் இழுத்து ஓட்டை தேடுவது உத்தியோகம். நான் பார்த்த துணியில் இமயமலைக்கே பனியன் தைக்கலாம், கை வைத்த பனியன்.

அக்கா மகள் பத்ருன்னிசா நாலு மாதமாக இங்கே ராயபுரத்தில் நகை செய்யும் வகுப்புக்குப் போகிறாள். இன்னும் இரண்டு மாதம் பாக்கியாம். ஆறு மாதத்தில் நான் ஒரு அரண்மனை கட்டி, வெள்ளையடித்து, வாடகைக்கும் விட்டிருப்பேன்.

"ஒரு தடவ பக்கத்துல நின்னு பாத்தா வராதா பிள்ளே?"

"பாத்தா செய்ய வரும் மாமா. ஏன் அப்படிச் செய்யறோம்னு டீச்சரக் கேட்டாத்தான் தெரியும்."

கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்தவள். இனி என் சோத்துக்கு என் கை போதும் என்கிறாள். சொல்லட்டும்.

21-6-1991
பத்ரு வெள்ளியில் ஒரு ஜோடி தொங்கட்டான் செய்திருக்கிறாள். இரண்டு பாதிகளாகச் செய்து ஒட்டியது, உள்ளே வெற்றிடம். புளித்தண்ணீரில் கொதிக்கவைத்துக் கழுவியாகிவிட்டது. மேலே வளையம் பற்றவைப்பதுதான் பாக்கி. நகைக்கடைக்காரருக்குப் பிடித்துவிட்டால் மாதாமாதம் வேலை தருவாராம்.

22-6-1991
அக்காவும் பத்ருவும் குன்னத்தூர் கல்யாணத்துக்குப் போயிருக்கும் நேரத்தில் அவள் நகை டப்பாவைத் திறந்து பார்த்தேன். தொங்கட்டான் ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஓட்டை, ஊசிமுனை அளவு. நாலு மாத வகுப்பின் லட்சணம்! கடைக்காரர் கண்ணில் பட்டால்? வெள்ளிக் கம்பியை நறுக்கி, செருகி, சின்னச் சுத்தியால் தட்டி, அரத்தால் தேய்த்தேன். இரண்டையும். இனி ஆயிரம் செக்கிங் மாஸ்டர் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆட்டிப் பார்த்தபோது உள்ளே ஏதோ தண்ணீர் அலம்பியது. கிடக்கட்டும். கடைக்காரர் மெச்சிய பிறகு, மெச்சியது யார் கையை என்று சபையில் அறிவிப்பேன்.

24-6-1991
வெடித்துவிட்டது.

25-6-1991
கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வராண்டா. வளையம் பற்றவைக்க பத்ரு விளக்குச் சுடரை ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்திருக்கிறாள். முகம் அவ்வளவு கிட்டத்தில். வெள்ளித் துணுக்கு வலது கண்ணில். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருக்கங்காட்டி தைரியமா இருக்கேன் தம்பி" என்கிறாள். என்னைப் பார்த்து. என்னை.

3-7-1991
மயிலாள் டீச்சர் வந்தார்.

"அடியில ஓட்டை விட்டியா கண்ணு?"

"விட்டேனுங்க டீச்சர்."

"விட்டிருந்தா வெடிக்காதே சாமி. உள்ள இருக்கற ஈரம் ஆவியானா வெளிய போக வழி வேணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே."

பத்ரு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் டீ கிளாசுகளோடு நின்றேன். இரண்டு எட்டு வைத்தால் சொல்லிவிடலாம். வைத்தேனா?

18-7-1991
கட்டுப் பிரித்தார்கள். வலது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது. அவ்வளவுதான். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள் என்றார் டாக்டர்.

2-8-1991
வகுப்பை விட்டுவிட்டாள். "ஓட்டை விட்டேன்னு நெனச்சிருக்கேன் மாமா, விடல. என் கைய நானே நம்ப முடியலீன்னா எதுக்கு அந்த வேலை?"

டீ ஆறுது பிள்ளே என்றேன். தூ. நானெல்லாம் ஒரு மனுசனா?

12-8-1991
இன்று மூன்று ஓட்டைகள் என்னைத் தாண்டிப் போய்விட்டன. சூப்பர்வைசர் செங்கோட்டையன், "ஏனுங்க பாய், கண்ணு மங்கிருச்சுங்களா?" என்றார். ஆமாங்க என்றேன்.

20-8-1991
சொல்லிவிட்டேன்.

வெடிக்காத தொங்கட்டானை அவள் உள்ளங்கையில் வைத்தேன். அடியைத் தடவினாள். நகத்தால் கீறினாள். வெளிச்சத்தில் பிடித்து, தலையைச் சாய்த்து, இடது கண்ணால் வெகுநேரம் பார்த்தாள்.

"அப்ப நான் விட்டிருந்தேன்" என்றாள்.

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். என்னை அடித்திருக்கலாம்.

26-8-1991
பத்ரு இன்று ராயபுரம் போனாள். டப்பாவோடு.

1-9-1991
டீச்சரிடம் நானும் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "பணம் கட்டி வந்து உக்காருங்க" என்றார்.

8-9-1991
ஞாயிறு. முதல் வகுப்பு. என் வயதில் பாதி வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் கடைசிப் பலகை. பாடம்: வெள்ளித் தகட்டில் ஓட்டை போடுவது. துளை போடும் ஊசிகள் மூன்றை முறித்தேன். முன் பலகையில் பத்ரு, தலையைச் சாய்த்தபடி ஏதோ தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்ன அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. இன்றும் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, அவள் டப்பாவிலிருந்து ஓர் ஊசியை என் பலகையில் வைத்தாள்.

அதை முறிக்கவில்லை.