டிரம்மில் இருந்த மட்டை

செவ்வாய், இரவு.

இன்று அந்த டிரம்மைக் கழுவாமலே விட்டிருக்கலாம்.

வீட்டுக்குப் பின்னால் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். அங்கே ஓடை வற்றியதிலிருந்து குரங்கு, அணில் எல்லாம் குடிக்கட்டும் என்று வேலியோரம் நீல டிரம்மில் தண்ணீர் வைக்கிறோம். வாரம் தவறாமல் பாசி பிடித்துவிடும். எனக்குப் பார்த்தாலே குமட்டும். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உள்பக்கம் வழவழவென்று ஆகும்வரை தேய்த்தேன். என் வீட்டுக்காரர் உள்ளே சாய்த்து வைத்திருந்த செம்பனை மட்டையிலிருந்துதான் பாசி பரவுகிறது என்று அதையும் தூக்கி வீசினேன். பாதிவரை நல்ல தண்ணீர் நிரப்பி, வெயில் படாமல் ஒரு பக்கம் தகரத்தால் மூடினேன்.

சாயங்காலம் வந்தபோது அவர் டிரம் பக்கத்தில் நின்றிருந்தார். தண்ணீர் அடிவரை தெளிவாகத் தெரிந்தது. அடியில் ஓர் அணில் கிடந்தது.

"மட்டைய ஏன் எடுத்த?"

"பாசி புடிச்சிருந்துச்சு."

"அதுல தானே லா அதுங்க ஏறி வெளிய வரும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல! எல்லாம் நானே கண்டுபிடிக்கணுமா?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

அவர் மட்டையைத் தேடி எடுத்து வந்து, கழுவாமலே உள்ளே வைத்தார். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. மட்டையின் பாசியில் கீழிருந்து மேல்வரை சின்னச் சின்ன நகக்கீறல்கள் இருந்தன. வீசும் முன் பார்த்தேன். எனக்கு அருவருப்பு இன்னும் கூடியது, அவ்வளவுதான்.