ஏரிக்கரையில் நின்ற ஹெல்வி

என் செல்ல மகள் இங்கெரிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நம் நாய் முஸ்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், கடல் தாண்டி நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். அங்கே வசந்தம் பிறந்திருக்கும், இங்கே காலையில் படகின் மேல் உறைபனி படிந்து கிடக்கிறது. உருளைக்கிழங்கைத் தோண்டி நிலவறையில் போட்டாகிவிட்டது. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அதனால்தான் எழுதுகிறேன். நான் ரொம்பப் பயந்துபோயிருக்கிறேன் கண்ணு.

இன்று சனிக்கிழமை காலை மூஸ் மான் வேட்டை தொடங்கிவிட்டது. போன வாரமெல்லாம் அப்பா எப்போதும் போலத்தான் இருந்தார், ரைபிளுக்கு எண்ணெய் போட்டார், காட்டில் மானுக்குக் காத்திருக்கும் மேடையின் உடைந்த படியை மாற்றிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில், வேட்டைக்கு முன்னால் ஒருதடவை மீன் பிடித்துவிட்டு வரலாம் என்று என்னையும் கூப்பிட்டார். காப்பியும் கறுப்பு ரொட்டியும் எடுத்துக்கொண்டு நாணல் ஓரமாகப் படகை விட்டோம். கொஞ்ச நேரத்திலேயே என் தூண்டிலில் பெரிய ஹவ்கி மீன் ஒன்று மாட்டியது, என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத்தான் அது கடித்திருக்கும் என்று அப்பா கேலி செய்தார். நாங்கள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாயிற்று. அப்போதுதான் அவர் துடுப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தார். "அசையாத அய்லி. கரையில பொட்டை மான் ஒண்ணு குனிஞ்சு மேயுது பாரு" என்று காதோடு சொன்னார். பார்த்தேன். பழுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு குனிந்து பழம் பறித்துக்கொண்டிருந்தது நம் பக்கத்து வீட்டு ஹெல்வி. கல்லெறி தூரம்தான். அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "சனிக்கிழமை வரைக்கும் அங்கயே இரு ராசாத்தி" என்று கொஞ்சினார். அது ஹெல்வி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஹெல்வி நிமிர்ந்து எங்களைப் பார்த்துக் கையை ஆட்டி, மீன் கிடைத்ததா என்று கேட்டாள். அப்பா படகைத் திருப்பி வீடு வரும்வரை வேகமாகத் துடுப்புப் போட்டார்.

அதன்பிறகுதான் ஒவ்வொன்றாக எனக்கு உறைத்தது. காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுவது, பொழுது சாய்ந்தால் காரை எடுக்காமல் ஏதாவது சாக்குச் சொல்வது, எல்லாம். துப்பாக்கி சுடும் பரீட்சை மூன்று வருஷத்துக்கு ஒருதடவைதான், போன வருஷம் அதில் தேறிவிட்டார், அதனால் இந்த வருஷம் அவரை யாரும் சோதிக்கப் போவதில்லை. வேட்டைக் குழுவின் தலைவர் கலேவியிடம் சொல்லிவிடலாம் என்று அவர் வீட்டு வாசல்வரை போனேன். உள்ளே நாலைந்து பேர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் முன்னால் அப்பாவைத் தலைகுனிய வைக்க மனசு வராமல் திரும்பிவிட்டேன். சொன்னால் மனுஷன் நொறுங்கிப்போவார், சொல்லாவிட்டால் யாருடைய பிள்ளையாவது செத்துப்போகும். சோறு தண்ணீர் இறங்கவில்லை எனக்கு.

வியாழக்கிழமை சாயங்காலம் நீராவிக் குளியல் முடிந்து படியில் உட்கார்ந்திருந்தபோது அடக்க முடியாமல், அன்றைக்குக் கரையில் நின்றது யார் தெரியுமா என்று கேட்டுவிட்டேன். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். "தெரியும். கண்ண மூடினா ஹெல்விதான் வந்து விழறா, நான் சுட்டு விழறா. எனக்குப் பயமா இருக்கு அய்லி" என்றார். உன் அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் இதுவரை கேட்டதில்லை.

மறுநாள் அவரே போய் கலேவியிடம் சொல்லிவிட்டார். கலேவி சிரிக்கவில்லையாம், கண்ணுக்கு வைத்தியம் ஆகும்வரை ரைபிள் வீட்டிலேயே இருக்கட்டும், ஆனால் முஸ்தி உங்கள் குரலுக்குத்தான் கட்டுப்படும், அதைக் கூட்டிக்கொண்டு மானை விரட்ட வாருங்கள் என்றாராம். அப்பா முகத்தில் அப்படியொரு நிம்மதி. எனக்குத்தான் பழைய பயம் போய்ப் புதுசு வந்து உட்கார்ந்துகொண்டது. விரட்டுகிறவர் வரிசையாக நிற்கும் துப்பாக்கிகளைப் பார்த்துத்தானே நடந்து போக வேண்டும்? அந்த வரிசையில் இன்னொருவர் இவரைப் போலவே கண் மங்கியதை மறைத்துக்கொண்டு நின்றால்?

இதை எழுதும்போதே சதுப்பு நிலத்துப் பக்கம் ஒரு வெடி. உடனே இன்னொன்று. முஸ்தி குரைப்பது நின்றுவிட்டது. பேனாவை வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. போன் அடித்தபோது எடுக்கக் கை வரவில்லை. எடுத்தேன். "நான்தான். நல்லா இருக்கேன்" என்றார் அப்பா. மான் விழுந்ததா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாளைக்கும் போவார். வேட்டை முடிய இன்னும் எத்தனை வாரம் கிடக்கிறது.

நானும் அப்பாவும் உங்கள் இருவரையும் வாழ்த்துகிறோம், எந்தக் குறையும் உங்களை அண்டாதிருக்கட்டும். அப்பாவைப் பெற்றவருக்கும் கடைசியில் பார்வை போனது உனக்குத் தெரியும், அதனால் நீயும் தள்ளிப்போடாமல் கண் டாக்டரிடம் போய்க் காட்டு. இந்தக் கடைசிப் பக்கம் படிக்கக் கஷ்டமாக இருந்தால் மட்டும் பயப்படாதே, அது உன் கண்ணில் உள்ள கோளாறு இல்லை, என் கை இன்னும் நடுங்குகிறது.

உன் அம்மா,
அய்லி