சிவப்புப் புள்ளி வைத்த பெயர்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று 'நல வாரம்' ஆரம்பம். பள்ளிச் செய்தி மடலும் என் தலையில், மாணவியர் நலனும் என் தலையில். "ரெண்டும் ஒண்ணுதானே, பிள்ளைங்க நல்லா இருந்தா அதுவே செய்தி" என்றார் பெரிய மேடம். தலைமை ஆசிரியைக்கு எல்லாமே ஒன்றுதான், செய்கிறவள் ஒருத்தியாக இருக்கும்வரை. மடலில் சிரிக்கிற முகங்கள் வேண்டுமாம். நிறைய வேண்டுமாம்.

மதியம் நலப் பெட்டியைத் திறந்தேன். பெயர் போடாமல் மனக்குறையை எழுதிப் போடுவதற்காக மாடிப்படிக்குக் கீழே வைத்த பெட்டி. முப்பது சீட்டுகள். கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பற்றி ஒன்பது. கணக்கு மிஸ் ரயில் மாதிரிப் போகிறார் என்று நாலு. நலப் பெட்டிக்கே பூட்டு சரியில்லை என்று ஒன்று. அடியில் இது:

"இந்த ஸ்கூல்ல எடுத்த எந்தப் படத்துலயும் நான் இல்லை. நான் இங்க படிச்சேன்னு பின்னாடி யாரும் நம்ப மாட்டாங்க."

பெயர் இல்லாவிட்டால் என்ன? பச்சை மை, இடது பக்கம் சாயும் எழுத்து. பத்தாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேரின் கையெழுத்தும் எனக்கு அத்துப்படி. இதை எழுதியது எங்கள் 'பென்சில்'.

பிப்ரவரி 4, செவ்வாய்

பென்சிலுக்கு அந்தப் பெயரை வகுப்பே வைத்தது. ஒல்லி, உயரம், கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பாள். இரண்டு வருடம் முன்னால் நடு வருடத்தில் வந்து சேர்ந்தவள். வருகைப் பட்டியலில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. சேர்க்கைப் படிவத்தில் 'படம் எடுக்க அனுமதி' என்ற இடத்தில் அவள் அம்மா 'இல்லை' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார். காரணம் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதனால் படம் எடுக்கும்போதெல்லாம் அவளைக் கேமராவுக்குப் பின்னால் நிற்க வைப்பேன். மற்றவர்களின் பைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இரண்டு வருடமாக.

இன்று நூலகத்தில் அவளைப் பிடித்தேன். சாயங்காலம் அம்மாவின் வேலை முடியும்வரை அங்கேதான் உட்கார்ந்திருப்பாள். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை.

"ஏன்டி, அம்மாவுக்குப் படம்னா ஏன் ஆகாது?"

"பிடிக்காது மிஸ்."

"நான் கேட்டுப் பாக்கட்டுமா?"

முகம் எப்படி மலர்ந்தது! ஒரு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி வரச் சொன்னேன். இதுவும் நலன்தானே. இதுதான் நலன்.

பிப்ரவரி 6, வியாழன்

சீட்டு கையெழுத்தோடு வந்துவிட்டது. நல்லது.

பிப்ரவரி 7, வெள்ளி

படம் எடுத்தாயிற்று. நுழைவாயிலில் வைத்த 'நல வாரம்' பலகைக்கு முன்னால் பதினேழு பெண்கள். பென்சில் தலைக்குக் குளித்து, காலரை இஸ்திரி போட்டு, முன் வரிசை நடுவில். மற்றவர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, இவள் மட்டும் சிரிக்கவில்லை. கேமராவை நேராகப் பார்த்தாள், கண் சிமிட்டினால் போய்விடும் என்பது போல.

பெட்டியில் வந்த குறைகளில் ஒன்றையாவது தீர்த்தேன். தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 12, புதன்

மடல் திங்கட்கிழமையே இணையத்தில் ஏறிவிட்டது. நூற்றுக்கணக்கில் பகிர்ந்திருக்கிறார்கள். பெரிய மேடம் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். எனக்கும் உச்சி குளிர்ந்துதான் போனது, மறைப்பானேன்.

அலுவலக அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு போன். பத்தாம் வகுப்பு எத்தனை மணிக்கு விடும் என்று ஓர் ஆண் குரல். அக்கா சொல்லிவிட்டார். யார் என்று கேட்டேன்.

"யாரோ அப்பா. வாசல் போர்டுலயே எழுதியிருக்கு, இதுல என்ன ரகசியம்?"

சரிதான்.

பிப்ரவரி 13, வியாழன்

எங்கிருந்து தொடங்குவது?

பதினோரு மணிக்குப் பென்சிலின் அம்மா வந்தார். சலவைப் பிரிவுச் சட்டையோடு, ஈரக் கையோடு. வேலைக்கு நடுவில் ஓடி வந்திருக்கிறார். கூட வேலை செய்யும் பெண், 'உன் பொண்ணு பேப்பர்ல வந்திருக்கா' என்று மடலைப் போனில் காட்டியிருக்கிறாள்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நான் காட்டிய நாற்காலியில் உட்காராமல், கதவைப் பார்த்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதை எடுத்துட முடியுமா டீச்சர்?"

"எடுத்துடலாம். இப்பவே."

"எத்தனை பேர் பாத்திருப்பாங்க?"

நேற்று அலுவலக அக்காவிடம் பெருமையாகச் சொன்ன எண்ணை இன்று முணுமுணுத்தேன். அவர் தன் இடது கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கையைத் திருப்ப முயன்றார். மணிக்கட்டு பாதி வரைதான் திரும்பியது.

"இது அவங்கப்பா பண்ணது. அடுத்து அவளைன்னு சொன்னார். சொன்னா செய்யற ஆளு. இது நாங்க மாறின மூணாவது ஊர். இங்கதான் ரெண்டு வருஷம் முழுசா இருந்திருக்கோம்."

படத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டோம். பகிர்ந்தவர்களிடமிருந்து எப்படி எடுப்பது? "இதை ஊதிப் பெரிசாக்க வேண்டாம்" என்றார் பெரிய மேடம். வீட்டில் இவரோ, "நீ நல்லதுக்குத்தானே செஞ்ச" என்றார். எரிந்து விழுந்தேன். பாவம், அவருக்கு என்ன தெரியும். நான் முழுசாகச் சொல்லவில்லையே.

யாருக்கும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அந்தச் சீட்டைத் தன்னிடம் யாரும் காட்டவே இல்லை என்றார் அம்மா. கையெழுத்து பச்சை மையில் இருந்தது. இடது பக்கம் சாய்ந்து. கையில் வாங்கிய நிமிஷமே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஃபைல்ல வெச்சேன். ஒரு போன் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். அவங்கம்மா வேண்டாம்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்து போடல. ஏன்? எனக்கு அந்தப் படம் வேணும். அந்தப் பிள்ளை முகம் மலர்ந்ததுக்குக் காரணம் நான்னு இருக்கணும். அவ்வளவுதான்.

பிப்ரவரி 17, திங்கள்

காவலாளி சொன்னது: வெள்ளிக்கிழமையும் இன்றும் எதிர்ப்பக்கம் சைக்கிள் கடை ஓரமாக ஒருத்தர் நின்றாராம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எந்த வாசல் வழியாக வருவார்கள் என்று கேட்டாராம்.

"சொன்னீங்களா?"

"ஒரே வாசல்தானேம்மா, சொல்றதுக்கு என்ன இருக்கு. ரொம்ப மரியாதையான ஆளு டீச்சரம்மா. ஐயா ஐயான்னுதான் பேசினாரு."

வெள்ளிக்கிழமை பென்சில் பள்ளிக்கு வரவில்லை. இன்று வந்திருந்தாள். இன்றும் நாளையும் கணக்குத் தேர்வு என்று அம்மாவிடம் அழுது அடம்பிடித்து வந்தாளாம். சாயங்காலம் நானே ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலில் விட்டேன். பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்து வலிக்கிறது.

பெரிய மேடத்திடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார். காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். "பெத்த அப்பன் பிள்ளையைப் பாக்க வர்றது குத்தமாம்மா?" என்றார் எடுத்தவர்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

இரண்டரை மணிக்கு என்னைத் தேடி ஒருத்தர் வந்திருப்பதாக அலுவலக அக்கா சொல்லி அனுப்பினார். சுத்தமான சட்டை, படிய வாரிய தலை. உள்ளே வந்ததும் செருப்பை ஓரமாக விட்டார். "மடலைப் பாத்தேன் மிஸ். ரொம்ப அழகா வந்திருக்கு" என்றார். சட்டைப்பையிலிருந்து அச்சடித்த பக்கத்தை எடுத்து, மடிப்பை நீவி மேசையில் விரித்தார். விரல் நேராக முன் வரிசை நடுவுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"உயரமாயிட்டா. நான் இவ அப்பா."

அடுத்த அறை நூலகம். நடுவில் ஒரு மரத் தடுப்பு. தேர்வு முடித்துவிட்டு, அந்தப் பக்கம் அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு போயிடுச்சுங்க. இது போன வருஷப் படம்."

அவர் சிரித்தார். கோபமே இல்லை. விரலை மேலே நகர்த்தி, பெண்களுக்குப் பின்னால் இருந்த பலகையைக் காட்டினார். 'நல வாரம்' என்று கொட்டை எழுத்தில். பக்கத்தில் இந்த வருடம்.

"பரவாயில்ல மிஸ். வெளியில நிக்கிறேன். அவசரம் இல்ல."

செருப்பைப் போட்டுக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

விளையாட்டு மிஸ்ஸிடம் ஓடினேன். மூன்று மணிக்குக் கைப்பந்து அணி வெளிப் பள்ளி மைதானத்துக்கு வேனில் கிளம்ப வேண்டும். நான் பாதி சொல்லும்போதே "சைஸ் என்ன?" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. பென்சிலுக்கு அணிச் சட்டையை மாட்டினோம், அணியில் ஒருத்தி பையிலிருந்து இன்னொரு தொப்பியை எடுத்து அவள் தலையில் வைத்து அழுத்தினாள். கொண்டைப் பென்சிலை உருவி என் கையில் தந்தாள். பதினான்கு பெண்கள், ஒரே நீலச் சட்டை, ஒரே தொப்பி. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அம்மாவை மைதானத்துக்கு வரச் சொன்னேன். நானும் வேனில் ஏறினேன்.

வாசலில் வேகத்தடை. வேன் மெதுவாகத்தானே போகும். அவர் சைக்கிள் கடையிலிருந்து சாலையைக் கடந்து வந்தார். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார், வரிசை தப்பாமல். உள்ளே பிள்ளைகள் மேசையைத் தட்டுவது போல இருக்கையைத் தட்டி, தொண்டை கிழியக் கத்திப் பாடினார்கள். இவளும் பாடினாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மூன்றாவது ஜன்னலில் அவர் பார்வை என்மேல் விழுந்தது. தலையசைத்து வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன்! பழக்கதோஷம். என் பக்கத்தில், தோளோடு தோளாக, அவர் மகள்.

வேன் தெருமுனையில் திரும்பியது. பாட்டு நின்றது.

கொஞ்ச தூரம் போனதும் பென்சில் சொன்னாள்: "அந்தச் சீட்டுல நான்தான் கையெழுத்துப் போட்டேன் மிஸ்."

"தெரியும்."

"இப்பத் தெரியுமா?"

"அப்பவே தெரியும்."

என்னைத் திரும்பிப் பார்த்தாள். பதினைந்து வயசுப் பிள்ளை. "அப்புறம் ஏன் மிஸ் விட்டீங்க?"

அவள் பென்சிலை இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டிருந்தேன்.

மைதானத்து வாசலில் அம்மா ஒரே ஒரு பையோடு நின்றார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "நீங்க தெரிஞ்சுக்க வேண்டாம் டீச்சர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பிப்ரவரி 19, புதன்

வருகைப் பதிவில் வாய் தவறிப் பென்சிலின் பெயரைக் கூப்பிட்டுவிட்டேன். அவசரமாக அடுத்த பெயருக்குப் போனேன்.

பிப்ரவரி 24, திங்கள்

அலுவலகத்தில் அவர். மகளின் மாற்றுச் சான்றிதழை எந்தப் பள்ளிக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டாராம். யாருக்கும் அனுப்பவில்லை, யாரும் கேட்டு வரவில்லை. அது உண்மை. சான்றிதழ் இல்லாமல் எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள்? இறுதித் தேர்வுக்கு ஏழு வாரம்.

வழியில் என்னைப் பார்த்து, "அடுத்த மடல் எப்ப மிஸ்?" என்றார்.

மார்ச் 3, திங்கள்

சைக்கிள் கடை ஓரம். இன்றும்.

மார்ச் 10, திங்கள்

இன்று அவர் இல்லை. நேற்று முன்தினமே இல்லை என்றார் காவலாளி. சந்தோஷப்பட வேண்டியதுதானே? நின்றபோது எங்கே நிற்கிறார் என்றாவது தெரிந்தது. இப்போது எங்கே? எதைத் தெரிந்துகொண்டு போனார்?

மாலையில் சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டேன். "ஏதோ போன் வந்துச்சு, கிளம்பிட்டாரு" என்றார்.

மார்ச் 21, வெள்ளி

ஆண்டு மலருக்கு அதே படத்தைப் போடச் சொன்னார் பெரிய மேடம். "நல்லா வந்த படம். அந்தப் பொண்ணுதான் போயிடுச்சே." முடியாது என்றேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன். மடல் வேலையை வேறொருத்தருக்கு மாற்றிவிட்டார். நலன் மட்டும் என்னிடமே இருக்கிறது. யாரும் கேட்கவில்லை போல.

பட்டியலில் சிவப்புப் புள்ளி வைத்த பிள்ளைகள் இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஐந்து வீட்டுக்கும் நானே போன் செய்தேன். காரணம் கேட்கவில்லை. புள்ளி அப்படியே இருக்கும் என்று மட்டும் சொன்னேன். ஒரு அம்மா இரண்டு முறை "சரிங்க" என்றார்.

ஏப்ரல் 11, வெள்ளி

நூலக அக்கா ஒரு பழுப்பு உறையை ஆட்டிக்கொண்டு வந்தார். "பாருங்க மிஸ், அந்தப் பொண்ணு எடுத்துட்டுப் போன கணக்கு வழிகாட்டி! தபால்ல வந்திருக்கு. பூரா கிறுக்கி வெச்சிருக்கா, லைப்ரரி புக்குன்னு ஒரு மரியாதை வேண்டாம்?"

உறையில் பள்ளி முகவரி பச்சை மையில், இடது பக்கம் சாய்ந்து. பிடுங்காத குறையாக அக்காவிடமிருந்து வாங்கினேன்.

புத்தகத்தைப் புரட்டினேன். அவள் போகும்போது நாங்கள் எட்டாம் பாடத்தில் இருந்தோம். ஒன்பது, பத்து, பதினொன்று எல்லாவற்றுக்கும் பக்க ஓரத்தில் விடை போட்டிருக்கிறாள். கடைசிக் கணக்குவரை. தேர்வு எழுத விடுவார்களோ இல்லையோ.

கடைசிப் பக்கத்தில் மடித்து வைத்த மடல். பலகை இருந்தது, வருடம் இருந்தது, பதினாறு பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். முன் வரிசை நடுவில் ஒரு ஓட்டை. நகவெட்டிக் கத்தரியால் சுற்றிச் சுற்றி வெட்டிய, சின்ன வட்டம். கடிதம் எதுவும் இல்லை. இங்கே படித்ததற்கு அவளுக்கு ஒரு அத்தாட்சி வேண்டும், எடுத்துக்கொண்டாள்.

அம்மாவுக்குத் தெரியாமல்தான் அனுப்பியிருப்பாள். அடிப்பாவி, இன்னும் புத்தி வரலியே உனக்கு!

"எந்த ஊர்லேருந்துன்னு பாருங்க மிஸ், முத்திரை இருக்கும்ல" என்றார் அக்கா. நான் அதற்குள் கட்டை விரலால் தபால்தலையை மூடியிருந்தேன். மூடினபடியே அந்த மூலையைக் கிழித்து, கழிப்பறைக்குக் கொண்டுபோய், துண்டு துண்டாக்கித் தண்ணீர் விட்டேன். புதுத் தாழ்ப்பாள் நன்றாகத்தான் விழுகிறது.

அவர் திரும்ப வருவார். மரியாதையாகத்தான் கேட்பார். நான் பொய் சொல்லத் தெரியாதவள், அவரும் பார்த்திருக்கிறார். ஆனால் முத்திரையை நான் படிக்கவில்லை. இந்தத் தடவை உண்மையிலேயே பார்க்கவில்லை.